அவரைக் கேட்டுச் சொல்றேன்

எங்கள் தெரு மாவு மில்லில் யார் எதைக் கேட்டாலும் அக்காவிடமிருந்து வருவது ஒரே பதில்தான். "இரு, அவரக் கேட்டுச் சொல்றேன்."

மிளகாயோடு மஞ்சளையும் சேர்த்துப் போடலாமா, சாயங்காலத்துக்குள் மாவு கிடைக்குமா, கோயில் வசூலுக்கு எவ்வளவு எழுதிக்கொள்வது என்று எதுவாக இருந்தாலும் சரி. கையில் ஒட்டிய மாவை முந்தானையில் தட்டிவிட்டு, மில்லுக்குப் பின்கட்டில் இருந்த வீட்டுக்குள் போவாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவாள். "வேணாம்ட்டாரு" என்பாள், இல்லாவிட்டால் "சரின்ட்டாரு" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்த அக்கா இல்லை. மில்காரருடைய மனைவி. திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி மில். பெரியவர்கள் அவளை மில்காரர் சம்சாரம் என்பார்கள், என் வயதுப் பெண்கள் அக்கா என்போம். மில்காரரை நாங்கள் யாரும் அதிகம் பார்த்ததில்லை. மறைமலை நகர் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் வேலையாக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் வந்தவர்தான். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வரும். வாசலில் அவருடைய தோல் செருப்பு கிடக்கும். அக்கா அதைத் தினமும் துடைத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். அந்த இருமலுக்கும் செருப்புக்கும் எங்கள் தெரு எப்படிப் பயந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

என் அம்மாவுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சாது. அரிசி வாங்குவது முதல் எனக்குப் பாவாடை எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் அம்மா முகத்தைப் பார்ப்பார். "ஆம்பளைன்னா மில்காரர் மாதிரி இருக்கணும். வூட்டுக்குள்ள உக்காந்துகினே தெருவ ஆட்டி வெக்கிறாரு பாரு. நமக்கும் வாச்சிதே ஒண்ணு" என்று அம்மா சொல்லும்போது அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் முறுக்கு மாவுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். தண்ணீர் கேட்டேன். "உள்ள பானையில மொண்டு குடி பாப்பா, அவுரு தூங்கறாரு, சத்தம் போடாத" என்றாள் அக்கா. நான் உள்ளே போய்க் குடித்துக்கொண்டிருந்தபோது செங்கல்பட்டு வியாபாரி ஒருவன் மில்லுக்கு வந்தான். மூட்டை மூட்டையாகப் புழுத்த அரிசி. நல்ல அரிசியோடு கலந்து அரைத்துக் கொடுத்தால் கூலியைக் கூட்டித் தருவதாகச் சொன்னான். வழக்கம்போல "அவரக் கேட்டுச் சொல்றேன்" என்று அக்கா உள்ளே வந்தாள். நான் சமையல்கட்டில் இருப்பதை மறந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் மில்காரரைச் சரியாகப் பார்த்தேன். அவர் தூங்கவில்லை. பாயில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி மார்புவரை இருந்தது. விரல் நகத்தால் சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். அவர் கை எட்டும் உயரம்வரை சுவரில் செம்மண் தெரிந்தது. அக்கா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விலகியிருந்த லுங்கியை இழுத்துவிட்டாள். தலையில் உதிர்ந்திருந்த சுண்ணாம்புத் துகளைப் பொறுக்கினாள். சொம்பை எடுத்து வாயில் இரண்டு மடக்கு ஊற்றினாள். பிறகு எழுந்து நின்று, வாசல் பக்கம் கேட்கும்படி, "சரிங்க. சரிங்க, சொல்லிடறேன். கோவப்படாதீங்க, நா சொல்லி அனுப்பிடறேன்" என்றாள்.

வெளியே போனாள். "இந்த அரிசிய மில்லு வாசல்ல எறக்குனா செருப்பு பிஞ்சிடும்னு சொல்லச் சொன்னாரு."

வியாபாரி மூட்டையை வண்டியில் ஏற்றும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. போகும்போது "அண்ணாத்தகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லும்மா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். ஓடி ஒளியவும் இல்லை, சமாளிக்கவும் இல்லை. "பாத்துட்டியா" என்றாள். நான் தலையாட்டினேன். "இதை நீங்களே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். படிக்கிற பெண், எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"நா வேணான்னு சொன்னா, ஏம்மா, எதுக்கும்மா, கொஞ்சம் பாத்துச் செய்யும்மான்னு பொழுதன்னிக்கும் நின்னுகினு இருப்பான். கைய புடிச்சி இழுக்கவும் பாப்பான். அவுரு சொன்னாருன்னா பூடுவான். எனக்கு எதுக்கு வாய் வலி?" அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அவுருக்கும் நல்லதுதான் பாப்பா. வேல பூட்ட ஆம்பளய இந்த ஊரு இன்னா பேசும்னு ஒனக்குத் தெரியாது. நா பேசவுடல பாத்தியா."

அந்த மில்லை வைத்ததே அக்காதான். காதில் கழுத்தில் கிடந்ததை விற்று மெஷின் வாங்கினாள். மாமனார் விட்டுப்போன இடத்தில் கொட்டகை போட்டாள். பெல்ட் அறுந்தால் மாட்டுவது, கல் கொத்துவது, கரண்ட் ஆபீஸில் போய் நிற்பது எல்லாம் அவள்தான். ஆனால் பலகையில் அவர் பெயர். கரண்ட் சர்வீஸும் அவர் பெயரில். "வெச்சது யாரும்மா" என்று யாராவது கேட்டால், "அவருதான் யோசன பண்ணாரு, நா இன்னாத்த கண்டேன்" என்பாள்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவள் செய்த காரியங்கள் அப்படி. எதிர்வீட்டு லாரி டிரைவர் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியைத் தெருவில் இழுத்துப் போட்டு அடிப்பான். எங்கள் அப்பா உட்பட ஒரு ஆண்பிள்ளையும் வாசலுக்கு வந்ததில்லை. ஒரு சாயங்காலம் அக்கா மில்லை நிறுத்திவிட்டு அவன் எதிரில் போய் நின்றாள். "அவுரு செருப்ப எடுத்துக் குடுன்னு கேக்கறாரு. நாந்தான் இரு இருன்னு புடிச்சி வெச்சிட்டு வந்துகீறேன். இன்னொரு அடி வுழுந்தா என்னால புடிக்க முடியாது" என்றாள். லாரி ஓட்டுகிறவன், கடோத்கஜன் மாதிரி இருப்பான். மில் வாசல் செருப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனான். அதற்குப் பிறகு அடித்தாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் அடித்தான். அவ்வளவுதான் எங்கள் தெருவில் கிடைத்த நியாயம்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கக் கேழ்வரகு முழுக்க மில்லில்தான் அரைபடும். கூலி கிடையாது. அதற்காகக் கோயில் கமிட்டியில் மில்காரரைத் தலைவராகப் போட்டார்கள். அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. அவர் கருத்தை அக்கா வந்து சொல்லுவாள். காலனி ஆட்களுக்கும் வரிசையில் நின்றே கூழ் வாங்க வழி விட வேண்டும் என்று ஒரு வருஷம் மில்காரர் சொன்னார். முணுமுணுத்தார்கள், ஆனால் நடந்தது. திருவிழா முடிந்து பரிவட்டத் துணியைத் தாம்பாளத்தில் வைத்து அக்காவிடம் கொடுத்து, "அண்ணாத்த தலையில கட்டிவுடும்மா" என்பார்கள். அவளும் உள்ளே கொண்டுபோய்க் கட்டிவிடுவாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையில் பரிவட்டத்தோடு அவர் உட்கார்ந்திருந்ததையும் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு மார்கழியில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு பெரிய சாவை நான் பார்த்ததில்லை. கடை அடைத்தார்கள். புழுத்த அரிசி வியாபாரிகூட மாலையோடு வந்தான். "சிங்கம்யா. அவரு பேச்சுக்கு மறுபேச்சு உண்டா" என்று பாடை பக்கத்தில் நின்று பேசினார்கள். அக்கா அழவே இல்லை. பாடையைப் பார்க்கவில்லை, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்த அன்று பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். மில்காரருக்குத் தம்பி ஒருவன் உண்டு. செங்கல்பட்டில் வேன் வைத்து ஓட்டினான். அக்காவுக்குக் குழந்தை இல்லை. "மில்ல தம்பி பாத்துக்கட்டும். ஒனக்குச் சோறு போட்ருவான்" என்றார்கள்.

"நாந்தான நடத்திகினு இருந்தேன். நானே நடத்தறேன்" என்றாள் அக்கா.

"நீ கைவேல செஞ்ச, இல்லேங்கல. ரோசன எல்லாம் அவரோடதுதானே" என்றார் ஒரு பெரியவர். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

"இல்ல. அவுரு ஒண்ணும் சொன்னதில்ல. அவுரு பேசியே பல வருசம் ஆச்சி. எல்லாத்தையும் நாந்தான் சொன்னேன்."

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் குரல் வந்தது. "புருசன் போயி ஈரம் காயல, அதுக்குள்ள அந்த மனுசன எப்டி எறக்கிப் பேசறா பாரு." என் அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. கமிட்டித் தலைவர், தெருவின் சிங்கம், ஊர் மரியாதைக்குரிய ஆண்பிள்ளை என்று ஒவ்வொரு நாளும் மாவு பிசைகிற மாதிரி அவள் பிசைந்து உண்டாக்கிய மனிதர் இப்போது அவளைவிடப் பெரியவராக நின்றார். தம்பி சாவியை வாங்கிக்கொண்டான்.

செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் அவளை நான் அழைத்துப் போனேன். சட்டப்படி புருஷன் பங்கு அவளுக்குத்தான் என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, "அடுத்த வாட்டி வரும்போது உங்க தரப்புல யாராச்சும் ஆம்பளய கூட்டினு வாங்கம்மா, பேச வசதியா இருக்கும்" என்றார். அக்கா மறுபடி அங்கே போகவே இல்லை.

அந்த ஆடியில்தான் அது நடந்தது. அம்மன் கோயில் எதிரில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். தாலி அறுத்தவள் என்பதால் அக்கா கூட்டத்துக்குக் கடைசியில், மின்கம்பத்தின் பக்கம் நின்றிருந்தாள். அவளுக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. திடீரென்று தலையை விரித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள். நடிப்பா என்று கேட்டால், அவள் கண்ணைப் பார்த்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, அதை மட்டும் சொல்ல முடியும். ஊரே அவள் காலில் விழுந்தது. கருமாதி அன்று பேசிய பெரியவரும் விழுந்தார். ஒவ்வொருவருக்கும் திருநீறு பூசிக்கொண்டே வந்து கொழுந்தன் எதிரில் நின்றாள்.

"எம் பொண்ணுகிட்ட பூட்டுச் சாவிய வாங்கி வெச்சிகினு கீறியாடா. குட்றா."

அவன் தலையைக் குனிந்துகொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தட்டில் போட்டான்.

மறுநாள் மில் ஓடியது. அக்கா நெற்றியில் பெரிய திருநீற்றுப் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். யாராவது எதையாவது கேட்டால், "வெள்ளிக்கெழம அம்மாவக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு முட்டாள் நான்.

அடுத்தடுத்த வெள்ளிகளில் அம்மன் வந்து மழை சொன்னாள், பிள்ளை வரம் சொன்னாள். ஜனம் கொண்டாடியது. ஆடி கடைசி வெள்ளியில் கரண்ட் சர்வீஸைத் தன் பெண் பெயருக்கு, அதாவது அக்கா பெயருக்கு, மாற்றிக் கொடுக்கச் சொன்னாள். பலகையில் பெயர் எழுதவும் சொன்னாள். அங்கேதான் எல்லாம் கெட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "அம்மனுக்கு எதுக்குய்யா கரண்ட் கனெக்சன்?" கொழுந்தன் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தினான். வேப்பிலை பிடித்திருந்த பூசாரி யோசித்து யோசித்துச் சொன்னார். "சாமி சொத்து கேக்காதுப்பா. பேய்தான் கேக்கும்."

அமாவாசையன்று கொழுந்தனின் வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். புதுப்பட்டினம் போகிற வழியில் பேய் ஓட்டுகிற கோயில் ஒன்று இருந்தது. பக்கத்தில் புளியமரம், அதன் அடிமரம் முழுக்க ஆணி, ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கொத்து முடி. அந்தக் கோயில் பூசாரிக்கு அவளை முன்பின் தெரியாது. துணைக்குப் பெண்கள் வேண்டும் என்று அம்மாவைக் கூப்பிட்டதால் நானும் ஏறிக்கொண்டேன். உச்சி வெயில். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை. உடுக்கை அடித்தார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், பிறகு பிரம்பை எடுத்தார்கள். அவள் முதுகில் பிரம்பு விழுந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

"யார் நீ? பேரச் சொல்லு."

மறுபடி விழுந்தது. மறுபடி கேட்டார். கடைசியில் ஒரு பெயர் சொன்னாள். சாமி வந்தபோது பேசிய குரல் இல்லை. மில்லில் கூலி கேட்கிற சாதாரணக் குரல்.

"எந்த ஊரு?"

"கருங்குழி."

"எப்டி செத்த?"

"சாவலயே" என்றாள் அக்கா. "நா சாவல. இங்கதான் கீறேன்."

அந்தப் பெயர் அவளுடைய பெயர். கருங்குழி அவள் பிறந்த ஊர். எங்கள் கூட்டத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. மில்காரர் சம்சாரத்துக்கு ஒரு பெயர் இருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. வக்கீலிடம் போனபோது அவள் சொல்லக் கேட்டதால் எனக்குத் தெரியும். அண்ணன் கல்யாணப் பத்திரிகையை ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவன் என்பதால் கொழுந்தனுக்கும் தெரியும். பூசாரி அவனைத்தான் கேட்டார். "இந்தப் பேர்ல உங்க வம்சத்துல யாருனா செத்துக்கீறாங்களா?"

"இல்லீங்க" என்றான். பொய் சொல்லவில்லை பாருங்கள்.

"அது அவங்க பேரு. அவங்களோட சொந்தப் பேரு" என்று நான் கத்தினேன். அம்மா என் கையை இழுத்தாள். உதறிவிட்டு முன்னால் போய் மறுபடி கத்தினேன். பூசாரி என்னைப் பார்த்து நிதானமாகச் சிரித்தார். "வலுவான பேயிம்மா இது. புடிச்ச ஆளு பேரையே சொல்லி ஏமாத்தும். எத்தினி பாத்துக்கீறேன்."

பிறகு பேயிடம் சத்தியம் வாங்கினார்கள். போறியா, போறேன். திரும்பி வருவியா, வர மாட்டேன். அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை முடிச்சுப் போட்டு அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். இனிமேல் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று பூசாரி எச்சரித்தார். வேனில் திரும்பும்போது அக்கா ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். "பாரு, எப்டி சாந்தமாயிட்டா" என்றாள் அம்மா.

எனக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போய்ச் சில வருஷம் கழித்து, தீபாவளிக்கு வந்திருந்தபோது பலகாரத்துக்கு அரைக்க மில்லுக்குப் போனேன். பலகையில் கொழுந்தன் பெயர். புது மெஷின். முன்னால் அவனுடைய மச்சான் உட்கார்ந்து கூலி வாங்கிக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே தரையில் உட்கார்ந்து மாவு சலித்துக்கொண்டிருந்தாள். புருவமெல்லாம் வெள்ளை. அக்கா என்று கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அந்தப் பலகையும் அந்த ஆளும் கண்ணில் பட்ட எரிச்சலில், அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டேன்.

சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள். மாவுக் கையால் என் வாயைப் பொத்தினாள். கண்ணில் இருந்த பயம் கொழுந்தனைப் பார்த்து வந்த பயம் இல்லை. என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தாள், அங்கே யாரோ வந்துகொண்டிருப்பதுபோல.

"ஐய, அந்தப் பேரச் சொல்லாத பாப்பா. அது பொல்லாதது. அத ஓட்றதுக்குள்ள எவ்ளோ பேஜாருன்னு நீதான் பாத்தியே. நீ கூப்ட்டு வெச்சி, அது பாட்டுக்குத் திரும்பி வந்துச்சின்னா என்னால இன்னொரு வாட்டி அடி வாங்க முடியாது."

சரி அக்கா, கூப்பிடவில்லை என்றேன். அதனால்தான் இங்கேயும் எழுதவில்லை.